மருந்து இலவசம், பாதை அடைப்பு!
(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நான்கே மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. ரயில் இல்லை, பஸ் இல்லை, ஆலையில் வேலை இல்லை. மூட்டை முடிச்சோடு நடந்த தொழிலாளரை நாடே கண்டது. கண்ணில் படாமல் தவித்தவர்களும் உண்டு. எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் நமது சகோதர சகோதரிகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

இந்த நோய் வந்தால் சாவுதான் என்பது பழங்கதை. 2004 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கும். மில்லிலும் வயலிலும் மற்றவரைப் போலவே உழைக்கலாம். இடையில் நிறுத்தினாலோ கிருமி மறுபடி பெருகும். மருந்துக்கு மசியாத கிருமியாகவும் மாறக்கூடும்.

மருந்து தரும் மையங்கள் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. பஸ் ஓடாத நாளில் கிராமத்துக் கூலியாள் எப்படிப் போவார்? பதிவு ஓர் ஊரில், பிழைப்பு வேறோர் ஊரில் என்றிருந்தவர் என்ன செய்வார்? பல மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்க ஏற்பாடு வந்தது. தொண்டர்கள் வீடு தேடி மருந்து கொண்டுபோனார்கள். அவர்களை வாழ்த்துகிறோம். ஆனால் தொண்டர் எட்டாத ஊர்கள் எத்தனை! இது நம் நாட்டுத் துயரம் மட்டுமல்ல. 73 நாடுகளில் இம்மருந்து தீர்ந்துபோகும் அபாயம் இருப்பதாக 2020 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது.

மனம் பட்ட பாட்டையும் கேளுங்கள். "எங்கே போகிறாய்?" என்று போலீஸ்காரர் மறிக்கிறார். நோயைச் சொன்னால் ஊர் அறியும். சொல்லாவிட்டால் தடி பேசும். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் அடைந்து கிடக்க, மாத்திரையை மறைத்து விழுங்க இடமில்லை. அக்கம்பக்கம் அறியக்கூடாதென்று தொலைவூரில் பதிந்தவருக்கு, வாசலுக்கு மருந்து வருவதே பயம். கூலி போயிற்று, வெறும் வயிற்றில் மாத்திரை. மனம்விட்டுப் பேச ஆலோசகரும் அருகில் இல்லை. தூக்கம் கெட்டது, தைரியம் குன்றியது. இதை ஒரு தனி ஆளின் பலவீனம் என்று தள்ளிவிட முடியுமா?

ஊரடங்கு நீங்கிய பின்னும் துன்பம் தீரவில்லை. 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து, தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவன அலுவலகத்தில் நோயாளிகளே அமர்ந்து போராடினார்கள். ஒளிந்து வாழ நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள் வெளியே வந்து உரிமை கேட்டார்கள்!

தோழர்களே! 2017-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்த நோயைக் காரணம் காட்டிப் பாரபட்சமாக வேலையை விட்டு நீக்கக் கூடாது. சம்மதமின்றி ஒருவரின் நோயை வெளியிடவும் கூடாது. ஏட்டில் உள்ள இந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுப்பது சங்கத்தின் கடமை.

எந்த நெருக்கடியிலும் மருந்து தடைபடக் கூடாது. அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலேயே அது கிடைக்க வேண்டும். வேலை நின்ற நாளுக்கு நிவாரணமும், மனத்துயருக்கு ஆலோசகரும் வேண்டும். இவை நமது கோரிக்கைகள்.

நம் தறிக்கு அடுத்த தறியில், நம் வரப்புக்கு அடுத்த வரப்பில் அப்படியொரு தோழர் இருக்கலாம். யார் என்று துருவ வேண்டாம். சங்கம் தன்னைக் கைவிடாது என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுப்போம்!