இணையப் பக்க வடிவமைப்பும் தனித்து உழைப்போரின் ஏற்றுமதியும்

பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டி, கோரமங்கலாவுக்கு அருகே அமைந்துள்ள அடுகோடி, இந்தியத் தொழில் வளர்ச்சியின் இரு கட்டங்களை ஒரே நிலத்தில் கண்ட பகுதியாகும். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, மக்களால் 'மைக்கோ' என்று அழைக்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, 1950களில் இங்கு தன் ஆலையை நிறுவியது. டீசல் எஞ்சின்களுக்கு எரிபொருளைச் செலுத்தும் பம்புகள் பல பத்தாண்டுக் காலம் இங்கு உற்பத்தியாயின. நிறுவனம் 2008ல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது; உற்பத்திப் பணி பின்னர் பிடதிக்கு இடம் பெயர்ந்தது. பழைய ஆலை நிலம் 76 ஏக்கர் பரப்புள்ள தொழில்நுட்ப வளாகமாக மாறி, 2022 ஜூன் 30 அன்று திறந்து வைக்கப்பட்டது. சுமார் 10,000 பேர் பணியாற்றக்கூடிய வளாகம் அது.

ஆலைக்கும் வாயில் இருந்தது. வளாகத்திற்கும் வாயில் இருக்கிறது. வாயிலில் நுழைவோருக்கு வருகைப் பதிவு உண்டு, மாதச் சம்பளம் உண்டு, வருங்கால வைப்பு நிதி உண்டு. ஆனால் இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது கட்டம் ஒன்றும் உருவாகியுள்ளது. வாடகை அறையில் ஒரு மடிக்கணினியையும் இணைய இணைப்பையும் மட்டுமே மூலதனமாகக் கொண்டு, முகம் அறியாத வாடிக்கையாளருக்கு இணையப் பக்கங்களை வடிவமைத்துத் தரும் இளைஞர்களின் தொழில் அது. இவர்கள் ஏற்றுமதியாளர்கள், ஆயினும் ஏற்றுமதியாளருக்குரிய பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை. இவர்கள் தொழிலாளர்கள், ஆயினும் தொழிலாளருக்குரிய பாதுகாப்பும் முழுமையாக இவர்களை எட்டவில்லை. இந்த இடைவெளியே இவ்வுரையின் பொருள்.

தொழில் வளர்ந்த விதம்

இணையப் பக்கம் என்ற கருத்து ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989ல் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை உரிமைக் கட்டணம் ஏதுமின்றி உலகத்தாருக்குத் திறந்து விட்டது. உரிமம் பெறாமலேயே எவரும் பக்கங்களை அமைக்கலாம் என்ற இந்த ஏற்பாடே, மூலதனம் இல்லாத ஓர் இளைஞன் இத்தொழிலில் இறங்குவதைச் சாத்தியமாக்கியது.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் சற்று முன்னரே இடப்பட்டது. 1985ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தன் மையத்தைத் தொடங்கி, செயற்கைக்கோள் இணைப்பின் வழியே வெளிநாட்டுக்குப் பணியை அனுப்பியது. 1991ல் மைய அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு தோன்றியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியது. 2024-25ல் நாட்டின் சேவை ஏற்றுமதி சுமார் 38,750 கோடி டாலர் அளவை எட்டியது. இதில் மிகப் பெரும் பங்கு நிறுவனங்களுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் தனித்து உழைப்போர் ஈட்டும் அந்நியச் செலாவணியும் இந்தப் பெருவெள்ளத்தில் ஓர் ஓடையாகக் கலந்தே வருகிறது.

இவர்களுக்கு ஆர்டர் கிடைக்கும் சந்தை தனி வகையானது. அமெரிக்காவில் ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரு தளங்கள் இணைந்து 2015ல் அப்வொர்க் என்ற பெயரைப் பெற்றன. ஆஸ்திரேலியாவில் 2009ல் ஃப்ரீலான்சர் தளமும், இஸ்ரேலில் 2010ல் ஃபைவர் தளமும் தோன்றின. பணி தேவைப்படுவோர் தேவையை அறிவிப்பார். செய்ய வல்லோர் விலை கூறுவர். சில தளங்களில் செய்வோரே தம் சேவையையும் விலையையும் முன்கூட்டிக் காட்சிக்கு வைப்பர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுக் கழகம் தொகுக்கும் குறியீட்டின்படி, இத்தகைய இணையவழி உழைப்பை உலகிற்கு மிகுதியாக வழங்கும் நாடு இந்தியாவே.

ஓர் ஆர்டரின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஐரோப்பாவில் சிறு கடை நடத்தும் ஒருவர் ஐந்து பக்கங்கள் கொண்ட தளம் வேண்டுமென்று கேட்கிறார். அடுகோடியில் உள்ள வடிவமைப்பாளர் 500 டாலருக்கு ஒப்புக்கொள்கிறார். விற்பவர் வருவாயில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வது ஃபைவர் தளத்தின் வழக்கம். அந்த அளவில் 100 டாலர் கமிஷனாகப் போக, 400 டாலர் எஞ்சுகிறது. நாற்பது மணி நேரத்தில் பணி முடிந்தால் மணிக்கு 10 டாலர் கிடைக்கும். ஆனால் வாடிக்கையாளர் நிறத்தை மாற்றச் சொல்கிறார். பின் முகப்பையே மாற்றச் சொல்கிறார். ஒப்புக்கொண்ட ஐந்து பக்கம் ஏழாகிறது. பணி அறுபத்து நான்கு மணி நேரமாக நீண்டால், மணிக்குக் கிடைப்பது 6.25 டாலராகச் சுருங்கிவிடும். விலை ஒரு காசும் குறையவில்லை. கூலி மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. செலாவணி மாற்றத்திற்கான செலவும், ஆர்டர் கிடைக்காமல் விலை கூறுவதிலேயே கழிந்த நாட்களும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த இழப்பிற்குக் காரணம் திறமைக் குறைவன்று. எல்லை வகுக்காமல் பணியைத் தொடங்கியதே காரணம். பட்டறையில் ஜாப் ஒர்க் எடுப்பவர் வரைபடத்தையும் அளவையும் கேட்டு வாங்காமல் இயந்திரத்தை ஓட்டுவதில்லை. இணையப் பக்கத்திற்கும் அதே ஒழுங்கு வேண்டும். எத்தனை பக்கம், எந்த மொழி, எழுத்தையும் படங்களையும் தருவது யார், கைபேசியில் எவ்வாறு தோன்ற வேண்டும், எத்தனை முறை திருத்தம் செய்யப்படும், அதற்கு மேற்பட்ட திருத்தத்திற்குக் கட்டணம் என்ன என்பன முதல் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். தளத்தின் முகவரிப் பெயர் வாடிக்கையாளரின் பெயரிலேயே பதிவாக வேண்டும். பயன்படுத்தும் படங்களுக்கும் எழுத்துருக்களுக்கும் உரிமம் இருத்தல் வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, முன்பணம், இடைத் தவணை, ஒப்படைப்புத் தவணை எனப் பிரித்துப் பெறுவதே நல்ல முறை. பெரிய தளங்கள் வாடிக்கையாளரின் பணத்தை முன்னரே வாங்கி நடுவரைப்போல வைத்திருக்கின்றன. அப்வொர்க் தளத்தில் நிலையான தொகைக்கு எடுத்த பணியை ஒப்படைத்த பின் 14 நாட்களுக்குள் வாடிக்கையாளர் மறுமொழி கூறாவிட்டால், அத்தவணை தானாகவே விடுவிக்கப்படும். கமிஷன் கொடுப்பதற்கு ஈடாகக் கிடைக்கும் உண்மையான பயன் இதுவே. தளத்திற்கு வெளியே நேரடியாகப் பணி எடுப்பவர், கமிஷனை மிச்சப்படுத்தும் அதே வேளையில் இந்தப் பாதுகாப்பையும் இழக்கிறார் என்பதை மறத்தலாகாது.

உரிமை யாருக்கு?

ஆர்டர் கொடுத்துப் பணம் செலுத்தியவருக்கே படைப்பின் உரிமை முழுதும் சேரும் என்பது பரவலான எண்ணம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. பணம் கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படம், வரையச் செய்த ஓவியம் போன்ற சிலவற்றில், வேறு உடன்பாடு இல்லையேல், உரிமை பணம் கொடுத்தவருக்குரியது. சம்பளத்திற்குப் பணியாற்றும் ஊழியரின் படைப்பு முதலாளிக்குரியது. ஆனால் சுதந்திரமாகத் தொழில் செய்யும் ஒருவர் எழுதும் கணிப்பொறி நிரலின் உரிமை, எழுத்து மூலம் மாற்றித் தரப்படும் வரை, எழுதியவரிடமே நிற்கும்.

உரிமை மாற்றத்திலும் ஒரு நுட்பம் உண்டு. சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவிற்குள் என்றும் கருதப்படும். ஆகவே ஜெர்மனியிலோ கனடாவிலோ கடை நடத்துபவர் அரைகுறையாக எழுதப்பட்ட தாளைப் பெற்றால், இந்தியச் சட்டத்தின் பார்வையில் தமக்குத் தேவையான நாட்டின் உரிமையே தமக்கு இல்லாத நிலையில் நிற்பார். இதை அறிந்த வடிவமைப்பாளர், முழுத்தொகை செலுத்தப்பட்டதும் உலகம் முழுவதற்கும் நிரந்தரமாக உரிமை மாறும் என்று எழுதிக் கொடுக்கலாம். அந்த ஒரு வாக்கியம் வாடிக்கையாளருக்கு உறுதியையும், தமக்குக் கடைசித் தவணைக்கான பிடிப்பையும் ஒருங்கே தரும்.

வரியும் சமூகப் பாதுகாப்பும்

சரக்கு மற்றும் சேவை வரி முறையில் சேவை ஏற்றுமதி பூஜ்ய வரி வீதத்திற்குரியது. வழங்குபவர் இந்தியாவிலும் பெறுபவர் வெளிநாட்டிலும் இருக்க வேண்டும். சேவை வழங்கப்படும் இடம் சட்டப்படி வெளிநாடாக அமைய வேண்டும். மாற்றத்தக்க அந்நியச் செலாவணியிலோ, ரிசர்வ் வங்கி அனுமதித்த இடத்து ரூபாயிலோ பணம் வர வேண்டும். ஆண்டு மொத்த வரவு ரூ. 20 லட்சத்தைத் தாண்டாத சேவையாளர்களுக்கு, மாநில எல்லை கடந்த சேவையானாலும், பதிவிலிருந்து 2017 அக்டோபரில் விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டோர் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்து, வரி செலுத்தாமலேயே ஏற்றுமதி செய்யலாம். சலுகை இருப்பதை அறியாமல் அஞ்சுவோரும், பதிவு வேண்டியபோதும் ஒதுங்கி நிற்போரும் பின்னர் ஒருங்கே இடர்ப்படுகின்றனர்.

உள்நாட்டு வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்தால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் துணை நிற்கும். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்குரிய தொகையை அதிக அளவாக 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. முறையீடு செய்வதற்கென 2017ல் சமாதான் தளம் தொடங்கப்பட்டது. ஆனால் இந்தக் கரம் கடல் கடந்து நீள்வதில்லை. சில நூறு டாலருக்காக அயல்நாட்டு நீதிமன்றம் செல்வது இயலாத செயல். ஆதலால் வெளிநாட்டு ஆர்டரில் முன்பணமும் தவணையுமே நடைமுறையில் சட்டத்தின் இடத்தை நிரப்புகின்றன.

நீதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 2020-21ல் 77 லட்சம் பேர் இத்தகைய தனிப்பணிகளில் இருந்தனர் என்றும், 2029-30ல் இத்தொகை 2.35 கோடியாகும் என்றும் மதிப்பிட்டது. உணவு கொண்டு செல்வோரையும் வாடகைக் கார் ஓட்டுவோரையும் உள்ளடக்கிய எண்ணிக்கை இது. உயர்திறன் பணிகளின் பங்கு 22 சதவீதம் என்றும் அவ்வறிக்கை கூறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, தளங்கள் தம் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் வரை நலநிதிக்குச் செலுத்த வகை செய்கிறது. தொழில்முறைச் சேவைகளை வழங்கும் தளங்களும் அதன் பட்டியலில் உள்ளன. ஆயினும் தெருவில் சீருடையுடன் செல்பவரை அலுவலர் காண முடியும். அறைக்குள் அமர்ந்து அயல்நாட்டில் பதிவான தளத்திற்கு உழைப்பவரைக் காண்பது அரிது. சட்டம் இவரை வந்தடையுமா என்பது நிர்வாகத்தின் முயற்சியைப் பொறுத்தது.

செய்யத்தக்கவை

2022 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவிய பின், சாதாரணப் பக்கத்தைச் சில நிமிடங்களில் உருவாக்குவது எவருக்கும் எளிதாகிவிட்டது. வெறும் பக்கத்தை விற்பவருக்கு இது பேரிடர். வாடிக்கையாளரின் தொழிலைக் கேட்டறிந்து, பார்வையற்றோரும் திரை வாசிப்புக் கருவியால் பயன்படுத்தத்தக்க வண்ணம் அமைத்து, எழுத்துப் பிழையின்றிப் பல மொழிகளில் ஒழுங்குபடுத்தி, பின்னரும் பராமரித்துத் தருபவருக்கு இன்னும் இடம் உண்டு. இத்தகைய பணி நம்பிக்கையின் மீது நடப்பது; நம்பிக்கைக்கு எழுத்து வடிவம் தருவது ஒப்பந்தம்.

இதற்கு அரசும் கல்வி நிலையங்களும் செய்யத்தக்கவை பெருஞ்செலவு வேண்டாதவை. பாலிடெக்னிக்கிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் வடிவமைப்பைக் கற்பிக்கும்போது விலை கணக்கிடுதல், ஒப்பந்தம் எழுதுதல், ஏற்றுமதி வரவுக்கான வங்கிச் சான்று பெறுதல் ஆகியவற்றையும் கற்பிக்க வேண்டும். மாதிரி ஒப்பந்தம் ஒன்று ஆங்கிலத்திலும், அதன் விளக்கம் கன்னடம், தமிழ் முதலிய மொழிகளிலும் கிடைக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையங்கள் லேத் பட்டறையைப் போலவே மடிக்கணினியையும் ஒரு தொழிற்கூடமாக ஏற்றுப் பதிவுக்கு உதவ வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து கூட்டுறவாகச் செயல்பட்டால், ஒருவர் நோயுற்ற காலத்தில் மற்றவர் பணியை முடிக்கலாம். பெரிய ஆர்டருக்கும் துணிந்து விலை கூறலாம்.

மைக்கோ ஆலை எழுந்த காலத்தில், ஆலையைக் கட்டுவதோடு தொழிலாளியின் உரிமையையும் வகுக்க வேண்டும் என்பதை நாடு உணர்ந்திருந்தது. தொழிற்சாலைச் சட்டம் 1948லும், வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952லும் வந்தன. இன்றைய ஏற்றுமதியாளருள் ஒரு பகுதியினருக்கு ஆலையும் இல்லை, வாயிலும் இல்லை. அவர்களுக்கான ஒழுங்கு முதற்கண் அவர்கள் கையொப்பமிடும் ஒரு தாளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாளை எழுதக் கற்பது மாணவரின் பொறுப்பு. அது செல்லுபடியாகும் நிலையை உருவாக்குவது அலுவலரின் பொறுப்பு.