உப்பேறிய கிணறு யார் கணக்கில்?

(அவலூர்பேட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவலூர்பேட்டையில் நின்று கடல்நீரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நிலமில்லாதவர் இழப்பை யார் கணக்கில் எடுப்பது என்ற கேள்வி நம் ஊருக்கும் உரியது என்பதால்தான்.

கடலோர மண்ணுக்கடியில் உப்புநீரின் மேல் நன்னீர் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், கணக்குப்படி உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும். ஆழ்துளைக் கிணறுகள் அதைச் செய்கின்றன. 1990களில் நாகைப் பகுதி இறால் பண்ணைகள் அதற்கும் மேலே போயின. கடல்நீரை நெல்வயலுக்கே கொண்டுவந்து தேக்கின. அது கசிந்து பக்கத்து வயலும் குடிநீரும் கெட்டன.

நிலத்தை விற்றவர் பணத்தோடு போனார். அந்த வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்த தலித் பெண்கள் கூலியையும் குடிநீரையும் ஒருசேர இழந்தார்கள். கையில் பட்டா இல்லை. கூலி உயர்வு கேட்டதற்காக 1968இல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியும் அந்த வட்டாரம்தான்.

கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மக்களோடு நின்று போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த அந்தப் பண்ணைகளை அகற்றவும், கெடுத்தவரே இழப்பீடு தரவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பண்ணைகளுக்கு மீண்டும் வழிவிட்டது.

சூழலியல் பேசும் நண்பர்களே, மண்ணின் உப்பை அளக்கிறோம், நல்லது. எத்தனை ஏக்கர் என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை நாள் கூலி போனது, சேரியின் எந்தக் குழாய் உப்பானது என்றும் எழுதுங்கள். பட்டாவை மட்டும் பார்க்கும் கணக்கில் நம் மக்கள் இல்லவே இல்லை.

ஜெய்பீம்!