ஒரே ஊசி, ரெண்டு எலி

இன்னிக்கு எபிசோடு எங்க பெரியம்மாவால வந்தது. அவங்களுக்கும் பெரியப்பாவுக்கும் ஹெபடைட்டிஸ் பி இருந்துச்சு. பெரியப்பா கல்லீரல் புற்றுநோயில் போயிட்டார். "ஒரே வீடு, ஒரே கிருமி. எனக்கு ஏன்டா வரல?"ன்னு கேட்டாங்க. நான் கோடு எழுதுறவன், டாக்டர் இல்ல. ஆனா தேடிப் படிச்சேன்.

உலகம் முழுக்க இந்த நோய் பெண்களைவிட ஆண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். குடி, சிகரெட் காரணம்னு சொல்லலாம். ஆனா எலி குடிக்காதே! டை-எத்தில்-நைட்ரோசமைன்னு ஒரு ரசாயனத்தைக் குட்டி எலிகளுக்கு ஊசி போட்டால், ஆண் எலிகள் எல்லாத்துக்கும் கட்டி வரும். கூடப் பிறந்த பெண் எலிகளில் 10 முதல் 30 சதவீதத்துக்குத்தான் வரும்.

2007-ல கலிபோர்னியாவில் மைக்கேல் காரினோட குழு இதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சது. கல்லீரல் செல்கள் சாகும்போது, அங்கேயே இருக்கிற குப்ஃபர் செல்கள் ஐஎல்-6ன்னு ஒரு அழற்சிப் புரதத்தைக் கொட்டும். காயம் ஆறாம புகைஞ்சுக்கிட்டே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் அதைக் கொட்டவிடாம அடக்குது. ஐஎல்-6 ஜீனையே எடுத்துட்டாங்க. ஆண்-பெண் வித்தியாசம் காணாமப் போச்சு.

அப்போ ஈஸ்ட்ரோஜன் நல்லது, ஆண் ஹார்மோன் கெட்டது, கதை முடிஞ்சுதா? நானும் அப்படித்தான் நினைச்சேன். 2012-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிளாஸ் கேஸ்ட்னர் குழு ஃபாக்ஸ்-ஏ1, ஃபாக்ஸ்-ஏ2ன்னு ரெண்டு புரதங்களைக் கல்லீரலில் இல்லாம பண்ணினாங்க. ஹார்மோன் ஏற்பிகள் டிஎன்ஏவில் போய் உட்கார இடம் பிடிச்சுக் கொடுக்கிறதே இவங்கதான். அதே ரசாயனத்தைக் கொடுத்தா, முடிவு தலைகீழ்! பெண் எலிகளுக்குக் கட்டி அதிகம், ஆண்களுக்குக் குறைவு. ஹார்மோன் மாறல, அது வேலை செய்யுற இடம்தான் மாறிச்சு. எங்க ஆபீஸ்ல சர்வரை மாத்தினதும் அதே கோடு வேற மாதிரி ஓடுமே, அப்படி.

இதை வீட்டில் சொன்னேன். பெரியம்மா பாதியிலேயே, "அப்போ பொம்பளைங்களுக்கு வராது, சரிதானே?"ன்னாங்க. ஆறு மாசத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய ஸ்கேனை ரெண்டு தடவை எடுக்கலையாம்! மாதவிடாய் நின்னப்புறம் அந்தப் பாதுகாப்பு குறையும், அவங்களுக்கு வயசு 61.

வர்ற சனிக்கிழமை காலைல ஸ்கேன். நான்தான் வண்டி ஓட்டுறேன்.