கிராணி வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தது?

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் சிறப்பு வருகையாளர் ஆற்றிய உரை)

 

என்னை அழைக்க வந்த நண்பர்கள், “பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க” என்றார்கள். நல்ல வார்த்தையை ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள். ஆகையால் நான் இன்று பெற்றோர்களிடம் பேசப் போகிறேன். பிள்ளைகள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

நான் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன். அதனால் ஒரு கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. “ஐயா, என் மகன் டிகிரி முடிச்சு ஒன்றரை வருசமாச்சு. சாமான் டெலிவரி பண்ணிக்கிட்டு மோட்டார் சைக்கிள்லே திரியிறான். ஆனா கம்பெனி ஆபீசிலே வெளிநாட்டுக்காரங்க வந்து உட்கார்றாங்களே, இது என்ன நியாயம்?” கேட்க வேண்டிய கேள்விதான். கோபமாகக் கேட்டாலும் தப்பில்லை. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் நின்று சம்பாதித்துப் படிக்க வைத்தவர்களுக்குக் கோபம் வராதா?

கட்டுமானத்துக்கும் தோட்டத்துக்கும் வரும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவர்களுக்குச் சட்டம் வேறு. படித்தவர் செய்யும் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் கொண்டு வருவதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. இங்குள்ள பெரியவர்களைக் கேட்கிறேன்: அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி யார்? பெரும்பாலும் மலையாளி, இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயிலும் அரசாங்க ஆபீசிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைய. வெள்ளைக்காரன் அவர்களை எதற்குக் கப்பலேற்றிக் கொண்டு வந்தான்? இங்கிலீஷ் படித்திருந்தார்கள் என்பதற்காக. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன்காரர்கள் செமினரி தொடங்கிய ஆண்டு 1823. நம் தோட்டங்களிலோ, பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று சொன்ன தொழிலாளர் சட்டம் வந்தது 1923. நூறு வருடம் வித்தியாசம், பார்த்துக் கொள்ளுங்கள்! அந்தப் பள்ளிக்கூடமும் தமிழில் சில வகுப்புகளோடு நின்று போனது. பிறகு கிராணி வேலைக்கு நம் பிள்ளை எப்படிப் போவான்? வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் படித்திருந்தார்கள், வந்தார்கள். ஆனால் லயத்திலேயே பிறந்த பிள்ளையைப் படிக்க வைத்து அந்த நாற்காலியில் உட்கார வைப்பதை விட, படித்த ஆளைக் கடல் தாண்டிக் கொண்டு வருவது மலிவு என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெர்மிட் என்ற சொல்லும் நமக்குப் பழக்கமானதுதான். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நீல அடையாள அட்டை இல்லாதவர், அதாவது குடியுரிமை எடுக்காதவர், வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். 1969-க்குப் பிறகு அது கடுமையாக அமலுக்கு வந்தது. முப்பது, நாற்பது வருடம் இங்கேயே உழைத்தவர்கள் சிவப்பு அட்டையோடு நின்றார்கள். பல்லாயிரம் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். உள்ளூர்க்காரனுக்கு வேலை என்ற சட்டம் நல்ல எண்ணத்தில் வந்ததாகவே இருக்கட்டும், உள்ளூர்க்காரன் யார் என்று கோடு போடுகிற இடத்தில் சிலர் வெளியே விழுந்து விடுகிறார்கள்.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். நம் நாட்டில் வெளிநாட்டு நிபுணருக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ் கொடுக்கிறார்கள். அதில் மூன்று வகை. நெடுநாளாக இருந்த கணக்குப்படி முதல் வகைக்கு மாதம் 10,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும், இரண்டாவதுக்கு 5,000 முதல் 9,999 வரை, மூன்றாவதுக்கு 3,000 முதல் 4,999 வரை. நோய் இந்த மூன்றாவது வகையில்தான் இருந்தது என்பது என் அபிப்பிராயம். 3,000, 4,000 வெள்ளி என்பது கொஞ்சம் அனுபவப்பட்ட நம் பட்டதாரிப் பிள்ளை கேட்கும் சம்பளம். அதே சம்பளத்துக்கு வெளியிலிருந்தும் ஆள் வரலாம் என்றால் முதலாளி என்ன யோசிப்பார்? வெளிநாட்டுக்காரரின் பாஸ் அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது. நினைத்தபடி வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது. நம் பிள்ளை, பக்கத்துக் கம்பெனியில் 300 வெள்ளி கூட என்றால் போய் விடுவான். பழைய கிராணிக் கணக்குத்தான் இது!

2021 ஜனவரி முதல், வெளிநாட்டு ஆளுக்கு மனுப் போடும் முன் அந்த வேலையை மைபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் ஆளை முதலிலேயே முடிவு செய்து விட்டு விளம்பரம் போடுகிறவர்களை எந்த விதி பிடிக்கும்? சம்பளக் கோட்டை உயர்த்துவதுதான் பிடிக்கும். அந்த மூன்று கோடுகளையும் 20,000, 10,000, 5,000 என்று உயர்த்துவதாகவும், அது 2026 ஜூன் முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வரும் என்றும் உள்துறை அமைச்சு அறிவித்தது. கீழ் இரண்டு வகைக்கும், உள்ளூர்க்காரர் ஒருவரைப் பழக்கி அந்த இடத்தில் வைக்கும் திட்டத்தையும் காட்ட வேண்டும் என்றது. நான் இதை வரவேற்கிறேன். மலிவு என்பதற்காக வருகிற ஆள் குறைவார். நம்மிடம் இல்லாத வித்தை தெரிந்தவர் வருவார். அந்த வித்தையை நம் பிள்ளை பக்கத்தில் நின்று கற்றுக் கொள்ளலாம்.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லி விட வேண்டும். நேற்றுப் பட்டம் வாங்கி வந்த பிள்ளையின் வேலையை வெளிநாட்டு நிபுணர் பிடுங்கிக் கொண்டார் என்பது பெரும்பாலும் சரியல்ல. புதுப் பட்டதாரிக்கு 2,000, 2,500 என்று கொடுக்கும் இடத்தில் பாஸ்காரர் வரவே முடியாது. அடி விழுவது நாலைந்து வருடம் கழித்து, மேல் பதவிக்குப் போகும் நேரத்தில். புதுப் பிள்ளைகளின் துன்பம் வேறு: படிப்புக்கேற்ற வேலை போதவில்லை. புள்ளிவிவர இலாகாவின் கணக்குப்படி, மேல்படிப்புப் படித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் தங்கள் படிப்புக்குக் கீழான வேலையில் இருக்கிறார்கள். 2025-ல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. பட்டதாரி சம்பளம் அதற்கு மேல் அதிக தூரம் போகவில்லை. வெளிநாட்டுக்காரர் எல்லாரையும் நாளைக்கே விமானம் ஏற்றி அனுப்பினாலும் இந்தக் கணக்கு தானாக மாறாது.

அதனால்தானே நம் பிள்ளைகள் பாலத்தைத் தாண்டுகிறார்கள்? ஜொகூரில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள் வரிசையைப் பார்த்தாலே போதும். வெளிநாடுகளில் வாழும் மலேசியர் சுமார் 10 லட்சம் பேர், அவர்களில் பாதிக்கு மேல் சிங்கப்பூரில் என்று 2011-ல் உலக வங்கி அறிக்கை சொன்னது. போனவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை மூன்று: முன்னேற வாய்ப்பு, சமூக நியாயமின்மை, சம்பளம். ஆக, இந்தக் கரையில் நாம் உள்ளூர்க்காரர். அந்தக் கரையில் இறங்கியதும் நாமே வெளிநாட்டுக்காரர்! அங்கே ஒரு சிங்கப்பூர்த் தாய் தன் மகனைப் பற்றி அதே கேள்வியைக் கேட்கிறாள்.

அங்கே அரசாங்கம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 2014-லிருந்து வேலையை முதலில் உள்ளூர்க்காரருக்கு விளம்பரம் செய்ய வேண்டும். எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்குக் குறைந்த சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 சிங்கப்பூர் வெள்ளி. வயது கூடக் கூட அதுவும் கூடும். 2023 செப்டம்பர் முதல் ‘காம்பஸ்’ என்று ஒரு மார்க் முறையும் உண்டு. 40 மார்க் எடுத்தால்தான் பாஸ். சம்பளத்துக்கு, படிப்புக்கு, அந்தக் கம்பெனியில் உங்கள் நாட்டுக்காரர் எத்தனை பேர் என்பதற்கு, கம்பெனி உள்ளூர்க்காரரை எவ்வளவு வைத்திருக்கிறது என்பதற்கு, ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. ஆள் பற்றாக்குறையுள்ள தொழில் பட்டியலில் இருந்தால் கூடுதல் மார்க் கிடைக்கலாம்.

நம் பையன் ஒருவன் போகிறான் என்று வைத்துக் கொள்வோம். சம்பளத்துக்கு 10, டிகிரிக்கு 10. அந்தக் கம்பெனியின் ஆபீஸ் உத்தியோகங்களில் நாலில் ஒரு பங்கு மலேசியர் என்றால் மூன்றாவதில் சைபர். உள்ளூர் ஆள் மிகக் குறைவு என்றால் நாலாவதிலும் சைபர். மொத்தம் 20. பாஸ் இல்லை. அதே பையன், அதே டிகிரி, மலேசியர் நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லாத, உள்ளூர் ஆள் ஓரளவு உள்ள கம்பெனிக்குப் போனால் 20-ம் 10-ம் சேர்ந்து 50. பாஸ் கிடைக்கும். “மாமன் இருக்கிற கம்பெனியிலேயே நீயும் சேர்ந்துக்கோ” என்பது எல்லா நேரமும் நல்ல யோசனை அல்ல, பார்த்தீர்களா!

சிங்கப்பூரும் இந்தியாவும் 2005-ல் ‘சீக்கா’ ஒப்பந்தம் செய்தன. இந்திய நிபுணர்கள் அதன் வழியாக உள்ளே நுழைகிறார்கள் என்ற பேச்சு பெரிதாகி, 2021 ஜூலையில் நாடாளுமன்றம் வரை போனது. அந்த ஒப்பந்தம் யாருக்கும் தானாக வேலை பாஸ் தருவதில்லை என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். ஆனால் வெளியே அந்தப் பேச்சைச் சுமந்தவர்களில் அங்கேயே பிறந்து வளர்ந்த இந்தியர்களும் உண்டு. சட்டத்தின் மேல் வருகிற கோபம் முகத்தின் மேல் திரும்புவது அப்படித்தான். கம்பெனி வாசலில் நிற்கும் நேப்பாளியிடமோ, ஆபீசில் இருக்கும் இந்தியாக்காரரிடமோ நம் கோபத்தைக் காட்ட வேண்டாம். சம்பளக் கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்பவர் அவர் அல்ல. கேட்க வேண்டியது நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம். அவரும் தேர்தல் சமயத்தில் நம் தோட்டத்துக்கு வரத்தான் போகிறார்!

பெற்றோர்களே, இன்னும் ஒரு காரியம். தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன், அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்து விடுங்கள். கல்லூரி பெயர் இருந்தால் போதாது, அந்தப் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். இங்கே அரசாங்க வேலைக்கும் அது பார்க்கப்படும். பாலத்துக்கு அந்தப் பக்கம் படிப்புக்கு மார்க் வேண்டும் என்றால், 2023 செப்டம்பரிலிருந்து, சான்றிதழ் உண்மையானது என்பதற்கு அத்தாட்சி காட்டியாக வேண்டும். பார்க்கத் தெரியாதவர்கள் பள்ளி ஆபீசில் கேளுங்கள். கம்ப்யூட்டரில் ஐந்து நிமிட வேலை, ஆசிரியர்கள் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விழா முடிந்து நானும் ஒரு மணி நேரம் இங்கேதான் இருப்பேன். பிள்ளைகளின் காகிதங்களைக் கொண்டு வந்தவர்கள் காட்டலாம்.

பரிசு மேசை காத்திருக்கிறது. முதல் வகுப்புச் சின்னஞ்சிறுசுகள் தூக்கத்தில் சாய்ந்து விட்டார்கள்.