முரண்போலத் தோன்றும் மறைமொழிகள்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில், அருள்புரத்தில் ஆற்றிய உரை)



விவிலியத்தில் காணப்பெறும் முரண்பாடுகளைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நம்முள் தேவாலயம் செல்வோர் உளர்; கோயிலுக்குச் செல்வோர் உளர்; எங்கும் செல்லாதோரும் உளர். ஆயினும் இப்பொருள் நம் அனைவர்க்கும் உரியதே. ஒரே நூலைக் காட்டி ஒடுக்கப்பட்டோரை அடக்கியதும் உண்டு. அதே நூலைக் காட்டி அவர்களைத் தலைநிமிரச் செய்ததும் உண்டு.

முதலில் ஓர் எளிய சான்றைக் காண்போம். நீதிமொழிகள் 26ஆம் அதிகாரம் 4ஆம் வசனம், மூடனோடு அவன் போக்கிலேயே வாதிடலாகாது என்கிறது. 5ஆம் வசனமோ, அவன் போக்கிலேயே விடையளிக்க வேண்டும் என்கிறது. தொகுத்தவர் கவனக்குறைவால் இவற்றை அடுத்தடுத்து வைத்தார் எனக் கொள்ளலாமா? யூத அறிஞர்கள் தல்மூதில் இதனை ஆராய்ந்து, ஒன்று மறைநூற் செய்திக்கும் மற்றொன்று உலகியற் செய்திக்கும் உரியது என அமைதி கண்டனர். இடமறிந்து பேசுக என்பதே இதன் கருத்து. திருவள்ளுவரும் வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளில், குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின்பாற்படும் என்றார். அதனை மட்டும் தனியே எடுத்துப் பொய்க்குச் சான்று தேடுவோரை நாம் ஒப்புவதில்லை.

எல்லா முரண்களும் இவ்வாறு எளிதில் தீர்வன அல்ல. யூதாசு தூக்கிட்டு இறந்ததாக மத்தேயு 27ஆம் அதிகாரம் கூறும். கீழே விழுந்து வயிறு வெடித்து இறந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம் கூறும். இவ்விரண்டையும் இணைத்துக் காட்டுவோர் உளர். இருவேறு மரபுகள் எனக் கொள்வோரும் உளர். எம்முடிவைக் கொண்டாலும் இம்முரணால் எவர் வாழ்வும் கெடுவதில்லை.

மனிதர் வாழ்வைக் கெடுத்த முரண் வேறொன்று. கலாத்தியர் 3:28, கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனன் என்றும் வேறுபாடு இல்லை என்னும் பொருளைத் தருகிறது. எபேசியர் 6:5, அடிமைகள் எசமானர்க்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. அடிமைகளை வைத்திருந்தோர் எதனை எடுத்துக்கொண்டனர் என்பதை வரலாறு காட்டுகிறது. 1807ஆம் ஆண்டு இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே ஒரு விவிலியம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கும், புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியுமே அதில் இருந்தன. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை இருந்தது. மோசே தம் மக்களை எகிப்திலிருந்து மீட்ட கதை இல்லை. எபேசியர் 6:5 இருந்தது. கலாத்தியர் 3:28 இல்லை. முரணைத் தீர்ப்பதற்கு அவர்கள் கண்ட வழி கத்தரிக்கோலே!

கத்தரிக்கோல் இன்றியும் இவ்வேலையைச் செய்யலாம். அவரவர் அழைக்கப்பட்ட நிலையிலேயே நிலைத்திருக்கட்டும் என்னும் 1 கொரிந்தியர் 7:20ஐ மட்டும் ஒருவர் படித்துக் காட்டினால் போதும். அதே அதிகாரத்தில், மனிதர்க்கு அடிமையாகாதீர்கள் எனப் பொருள்படும் 23ஆம் வசனம் கேட்பவர்க்குத் தெரியாமலே போய்விடும். எபேசியர் 6:5ஐ ஓதுவோர், எசமானர் அச்சுறுத்தலை விட்டுவிட வேண்டும் என்னும் 9ஆம் வசனத்தை ஓத மறப்பதும் இவ்வகையினதே.

நம் தமிழகத்திலும் இத்தகைய முரண் எழுந்தது. தஞ்சை, வேப்பேரி முதலிய இடங்களின் சபைகளில் சாதிக்கொரு பக்கம் அமர்வதும், நற்கருணைக் கிண்ணத்தில் முதலில் யார் பருகுவது எனப் பார்ப்பதும் வழக்கமாயிருந்தன. 1833ஆம் ஆண்டு பிஷப் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை அறவே கைவிட வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். சாதி சமயத்தைச் சார்ந்ததன்று, உலக வழக்கே என வாதிட்டுப் பலர் சபைகளை விட்டு விலகினர். மிஷனரிகளுள்ளும் கருத்து ஒன்றுபடவில்லை. ஒரே அப்பத்தைப் பங்கிடுவதால் அனைவரும் ஒரே உடல் என்று போதிக்கும் நூலைக் கையில் வைத்துக்கொண்டே, அந்த அப்பத்தின் முன் வரிசை வகுத்தனர். இம்முரண் நூலிலா இருந்தது? படித்தவர் நெஞ்சிலன்றோ இருந்தது!

பனியன் துணியை நாள்தோறும் கையாளும் நமக்கு இது விளங்காததன்று. சாதாரணப் பனியன் துணியின் வெளிப்புறத்தில் நேர்க்கோடுகள் தெரியும். உட்புறத்தில் குறுக்கு வளைவுகள் தெரியும். இரண்டையும் பின்னியது ஒரே நூலிழை. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் துணியைத் தேர்ந்துவிட்டதாகக் கூறுபவனை செக்கிங் மேசையில் வைத்துக்கொள்வார்களா?

ஆதலின், இளைஞர்களே, எந்த மறைமொழியை எவர் எடுத்துக் காட்டினும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதனை யார், எக்காலத்தில், எவரை நோக்கிக் கூறினார்? இதற்கு முன்னும் பின்னும் என்ன உள்ளது? இதனைக் காட்டுபவர்க்கு இதனால் விளையும் ஆதாயம் யாது? மறைநூலுக்கு மட்டுமன்று, கம்பெனியில் கையொப்பமிடச் சொல்லி நீட்டும் தாளுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். விரல் வைத்துக் காட்டும் ஒரு வரியோடு நில்லாது, தாள் முழுவதையும் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

பிறர் படித்துக் காட்டியதைக் கேட்டிருந்த காலம் நம் முன்னோர்க்கு நெடிது. அடுத்த வசனத்தைத் தாமே புரட்டிப் பார்க்கும் ஆற்றலை அவர்தம் பேரக்குழந்தைகளுக்கு அளிக்கவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகிறது. ஞாயிறு மாலைகளில் ஒரு நூலின் ஓர் அதிகாரத்தை முழுமையாகப் படித்து விவாதிக்கும் வழக்கத்தை இவ்வெள்ளிவிழா ஆண்டிலேயே தொடங்குமாறு வேண்டுகின்றோம்.