குடத்து வழுவழுப்பு



தலைமையுரை என்றால் வாழ்த்தும் நன்றியுமாகப் பாதி நேரம் போய்விடும். அதைச் செயலாளர் பார்த்துக்கொள்வார். நான் ஒரு பிளாஸ்டிக் குடத்திலிருந்து தொடங்குகிறேன்.

லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது தெரியும். நாலு நாள் தண்ணீர் கிடந்த குடத்துக்குள் கையை விட்டால் உட்சுவர் வழுவழுவென்று இருக்கும். அலசினால் போகாது, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். நாம் பயோஃபிலிம் என்று கட்டுரை எழுதுவது இதைத்தான். ஒட்டிக்கொண்ட பாக்டீரியா தன்னைச் சுற்றிப் பசை சுரந்து, அதற்குள் குடும்பம் நடத்துகிறது. அடியில் கிடப்பவை அரைத்தூக்கத்தில் இருக்கும். வளரும் கிருமியைக் கொல்லும் மருந்து, தூங்கும் கிருமியிடம் தோற்றுப்போகிறது.

குடத்தைத் தேய்க்கலாம், முழங்காலுக்குள் வைத்த செயற்கை மூட்டைத் தேய்க்க முடியுமா? என் பெரியம்மாவுக்கு மூட்டு மாற்றிய அடுத்த வருஷம் உள்ளே சீழ் வைத்தது. வைத்ததைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்ட்டை அந்த இடத்தில் தற்காலிகமாக அடைத்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, மறுபடியும் ஒரு மூட்டு வைத்தார்கள். இரண்டாம் தடவை தியேட்டருக்குள் போகும்முன் என்னிடம் கேட்டார்: "நீ படிச்சவன்தானே, அந்த இரும்புலயே ஏதாவது தடவி வைக்கக் கூடாதாடா?"

தடவி வைத்தவர்கள் உண்டு. 1970 வாக்கிலேயே ஜெர்மனியில் புக்ஹோல்ட்ஸ் என்ற மருத்துவர் எலும்புச் சிமெண்ட்டில் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்தார். அந்தச் சிமெண்ட்டும் ஒரு பாலிமர்தான். முதல் சில நாட்கள் மருந்து வேகமாகக் கசியும். பிறகு நெடுநாள் சொட்டுச் சொட்டாக. என்னை உறுத்துவது அந்தச் சொட்டுதான். கொல்லப் போதாத மருந்து கிருமிக்குப் பயிற்சி வகுப்பு.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு மருந்தெதிர்ப்பை லேசாகச் சொல்ல முடியாது. 2010-இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த, என்டிஎம்-1 என்ற மருந்தெதிர்ப்பு மரபணு பற்றிய கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைத் தரமணியில் ஆய்வு செய்தவர். அந்த மரபணு கொண்ட கிருமி மாதிரிகளில் 44 சென்னையில் கிடைத்தவை. மரபணுவின் பெயரில் மட்டும் டெல்லி ஏறிக்கொண்டது, அது வேறு சண்டை. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி மருந்தெதிர்ப்பைத் தடுக்க வழி வகுத்தபோது, அந்த ஆவணத்துக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர் விழுந்தது.

ஆகவே என் கட்சி இதுதான்: கொல்லும் பூச்சைவிட உட்காரவிடாத பூச்சு மேல். உள்ளே வைத்த பொருளின் மேற்பரப்பை உடலின் செல் முதலில் பிடிக்குமா, கிருமி பிடிக்குமா என்பதைக் கிரிஸ்டினா என்ற ஆய்வாளர் 1987-இல் ஓட்டப்பந்தயம் என்றார். நான் தி. நகர் பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது என்பேன். உடலின் செல் முந்தினால் இடம் அதனுடையது. கிருமி முந்தினால் பிறகு எழுப்ப முடியாது. நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சேர்ந்த ஸ்விட்டரயான் பாலிமர்கள் தம்மேல் நீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. புரதத்துக்கே காலூன்ற இடமில்லை. அதையும் மீறிக் கிருமி வந்தால் மட்டும் மருந்து திறக்கட்டும். தொற்று வந்த இடம் அமிலமாவதை உணர்ந்து நெகிழும் பாலிமர் உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் விடும் நொதியே அரித்துத் திறக்கும் ஹயலுரானிக் அமிலப் பூச்சும் உண்டு. திருடன் கை வைத்தால்தான் மணி அடிக்கும்.

இந்தச் சமர்த்துப் பாலிமர்களுக்குத் தனிக் குணம் உண்டு. பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு சுமார் 32 டிகிரியில் மனம் மாறும். ஒரு மே மாதம் ஆய்வகத்தில் ஏசி நின்றுபோக, என் மாணவி வைத்திருந்த அதன் தெளிந்த கரைசல் கண்ணெதிரே மோர்போல வெளுத்தது. கெட்டுவிட்டது என்று அழப் போனாள். ஐஸில் வைத்ததும் மறுபடி தெளிந்தது. உடம்போ 37 டிகிரி. எந்த நிலையில் வேலை வாங்குகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

இந்த அமர்வுக்கு வந்திருக்கும் ஆய்வுச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலும் சுத்தமான ஊட்டக் கரைசலில், வாங்கிவந்த கிருமியோடு சோதித்திருக்கிறீர்கள். ரத்தப் புரதம் நொடிகளில் மேலே படிந்தபின் உங்கள் பூச்சு என்ன ஆகிறது? எத்திலீன் ஆக்ஸைடிலோ காமாக் கதிரிலோ கிருமிநீக்கம் செய்தபின் அதன் உணரும் திறன் மிஞ்சுகிறதா? நம் ஊர் வார்டுகளில் பிடித்த கிளெப்சியெல்லாக் கிருமியை அதற்குக் காட்டினீர்களா? கேள்வி நேரத்தில் இவற்றைத்தான் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் கட்டுரை சிறுநீர்க் குழாய்ப் பூச்சைப் பற்றியது. பேச்சாளர் மேடைக்கு வரலாம்.