எண்களிலிருந்து எழும் இசை



பழைய இசைத்தட்டில் இசை ஒரு கோடாகப் பதிந்திருக்கிறது. ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அக்கோடு நெளிந்து செல்லும். ஊசி அந்நெளிவைத் தொடர்ந்து சென்று மீண்டும் ஒலியை எழுப்பும். 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டிலோ எண்களே உள்ளன. இரு செவிகளுக்கும் தனித்தனியே, நொடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இவ்வெண் வரிசையை மின்னலையாக மாற்றித் தரும் உறுப்பை எண்-ஒலி மாற்றி எனலாம். இன்று கைப்பேசியிலும் அது உண்டு. மிகுந்த விலையுள்ள தனிக் கருவியாகவும் அது விற்கப்படுகிறது. அதனை அமைப்போர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கின்றனர் என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு தராசை மனத்தில் கொள்ளுங்கள். 1, 2, 4, 8 என்று ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இருமடங்கான 16 எடைக்கற்கள் இருப்பின், 0 முதல் 65,535 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். ஒரு கல்லை வைப்பதா, எடுப்பதா என்று சொல்லும் குறியே ‘பிட்’ எனப்படுவது. மாற்றியில் கற்களுக்குப் பதிலாக மின்தடைகளை ஏணிபோல் அடுக்கி, வேண்டிய மின்னோட்டங்களை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். இஃது ஏணி முறை.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. மிகப் பெரிய கல்லின் எடை 32,768 பங்கு. அதில் 32,768-இல் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும், மிகச் சிறிய கல்லின் எடை முழுவதும் அப்பிழைக்குள் மறைந்துபோகும். 32,767-இலிருந்து 32,768-க்குச் செல்லும்போது, சிறிய கற்கள் 15-ஐயும் எடுத்துவிட்டுப் பெரிய கல்லை வைக்க வேண்டும். எளிய ஏணி அமைப்பில், அமைதியைக் குறிக்கும் நடு இடமும் அதுவே. பேரொலியில் இக்குறை அமிழ்ந்துவிடும். மீட்டிய தந்தியின் நாதம் தேய்ந்து மறையும் வேளையிலோ, அலை அந்நடு இடத்தைச் சுற்றியே இயங்குவதால் குறை துலங்கித் தோன்றும். ஆதலின் உயர்தரக் கருவிகள் சிலவற்றில் நடுக்கோட்டுக்கு மேலே ஓர் ஏணியும் கீழே ஓர் ஏணியுமாக அமைக்கின்றனர். மெல்லிய ஒலிக்கு அப்போது சிறிய கற்களே போதும்.

இவ்விடரை வேறொரு வழியில் வென்ற வரலாறும் உண்டு. குறுந்தட்டை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் கூடி உருவாக்கின. அளவு 16 பிட்டாக அமைவதென்று முடிவாயிற்று. பிலிப்ஸ் பொறியாளரிடம் இருந்த மாற்றியோ 14 பிட் உடையது; அதற்கு 16,384 படிகளே உண்டு. அவர்கள் அதனை ஒதுக்கிவிடவில்லை. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கிடையே மூன்று எண்களைக் கணக்கிட்டுச் சேர்த்து, நொடிக்கு 1,76,400 முறை அதனை இயக்கினர். 14 பிட்டில் அடங்காத மீதியைத் தள்ளிவிடாமல் அடுத்த எண்ணின் கணக்கில் சேர்த்தனர். சில்லறை இல்லாத கடைக்காரர் மீதிக் காசை மறுநாள் கணக்கில் வரவு வைப்பதில்லையா? அத்தகையதே இதுவும். ஒவ்வொரு கணத்திலும் சிறு பிழை உண்டு. ஆயினும் தொடர்ந்து கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிறது. பிழையின் பெரும்பகுதி செவிக்கு எட்டாத விரைந்த அதிர்வுகளாகிவிடுகிறது.

இதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. நம் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். எண்களிலிருந்து எழும் அலையிலோ 24,100 அதிர்வு முதற்கொண்டு பொய்யுருவங்களும் கலந்து வரும். முன்னதை முழுதும் விட்டுப் பின்னதை முழுதும் தடுக்கும் வடிகட்டி செங்குத்தான சுவர் போன்றது. மின்னுறுப்புகளால் அதனை அமைப்பது கடினம். சோனியின் முதற் கருவி அத்தகைய வடிகட்டியையே நம்பியிருந்தது. பிலிப்ஸ் முறையில் கணக்கீடே அருகிலுள்ள பொய்யுருவங்களை நீக்கிவிட, எஞ்சியவை 1,56,000 அதிர்வுக்கு அப்பால் விலகின. சரிந்த மேடு போன்ற எளிய வடிகட்டியே போதுமானதாயிற்று.

இவ்வழியிலேயே மேலும் சென்று, 1980-களின் பிற்பகுதியில் ஒரே பிட் கொண்டு மிக விரைவாக இயங்கும் மாற்றிகளையும் செய்தனர். கல் ஒன்றே என்றால் கற்களுக்குள் ஒவ்வாமை ஏது? ஆனால் அங்கே சுமை முழுவதும் காலத்தின் மீது விழுகிறது. சரியான அளவு தவறான நேரத்தில் வருமாயின் அதுவும் தவறான அளவே. 16 பிட் நுட்பத்தைக் காக்க வேண்டுமெனில், 20,000 அதிர்வுள்ள உரத்த ஒலியில் நேரப் பிழை ஒரு நொடியின் ஆயிரங் கோடியில் ஏறத்தாழ ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். படிகக் கடிகாரத்தை மாற்றியின் அருகிலேயே வைத்து, அதற்கு அலைவில்லாத தூய மின்சாரம் ஊட்டுவது இதற்காகவே.

பிழையே இல்லாத கருவி இல்லை. பிழையை எங்கே வைத்தால் தீங்கு குறையும் என்று தேர்வதே அமைப்போரின் கலை என்று நான் கருதுகிறேன். இக்காலக் கருவிகளின் மீது 24 பிட் என்று பொறித்திருப்பதைக் காணலாம். அதன் படிகள் 1,67,77,216. ஆயினும் மின்தடைக்குள் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைவதால் எழும் இரைச்சலே கடைசிப் படிகளை மூழ்கடித்துவிடும். எண் பெரிதாவதால் மட்டும் இசை சிறந்துவிடாது, விலையும் அவ்வாறே. இரு கருவிகளை ஒப்பிட விரும்பினால், இரண்டின் ஒலியளவையும் சமமாக்கி, எது எதுவென்று அறியாத நிலையில் கேளுங்கள்; ஏனெனில், சற்றே உரத்து ஒலிப்பதைச் சிறந்ததென்று கொள்வது செவியின் இயல்பு.

16 பிட்டை எதிர்பார்த்த இடத்தில் 14 பிட்டைக் கொண்டு நின்ற அப்பொறியாளர்கள், இல்லாத இரண்டு பிட்டுக்காக வருந்தி நிற்கவில்லை. இருந்த விரைவைக் கொண்டு அக்குறையை ஈடுசெய்தனர். ஆதலின் ஒரு கருவியைக் காணும்போது, அதில் எத்தனை பிட் என்பதோடு நின்றுவிடாமல், கணக்கில் எஞ்சிய மீதி எங்கே போகிறது என்றும் கேளுங்கள்.